பசிக்கோடு

குடல் ஆபரேஷன் முடிந்து ஆறு நாளாகியும் ஞானதுரைக்கு நினைவு திரும்பவில்லை. குழாயில் செலுத்திய சத்துணவை உடல் ஏற்கவில்லை, ஆள் கரைந்துகொண்டிருந்தார். நர்ஸ் எஸ்தர் பசி ஹார்மோனை ஏற்றிவிட்டு, "அவருக்குப் புடிச்ச குழம்பை நாக்குல ஒரு சொட்டு வைங்க. குடல் முழிச்சிரும்" என்றாள்.

மனைவி ரூபி தன் மீன்குழம்பைத் தொட்டு வைத்தாள். கட்டிலருகே மானிட்டர் திரையில், பசியைக் காட்டும் பசிக்கோடு அசையவில்லை. நாத்தனார் செல்வராணி தன்னுடையதை வைத்ததும் கோடு துள்ளி எழுந்தது.

"மதினி குழம்பையே தினமும் வைங்க. ஆளு பொழைக்கட்டும்" என்றாள் ரூபி.

குழம்பு வைக்கத் தொடங்கிய நான்காம் நாள் அவர் கண் திறந்தார். ரூபி அழுது தீர்த்துவிட்டுக் காதருகே குனிந்தாள்.

"இருபத்தெட்டு வருஷமா என் குழம்பு மாதிரி வராதுன்னு சொன்னீங்களே?"

ஞானதுரை மெல்லக் கண்களை மூடிக்கொண்டார்.

எஸ்தர் திரையைப் பார்த்தாள். "அக்கா, அவரு முழிச்சுதான் இருக்காரு."