நடுவில் படுத்த பேட்டரி

கணவாயில் பனி பாதையை மூட, அங்கேயே நின்றுவிட்ட வேனுக்குள் விடிகிறது. ஜன்னலின் உட்புறத்தில் இருவரின் மூச்சும் வெள்ளையாக உறைந்திருக்கிறது. உருளைக்கிழங்கு மூட்டைகளின் மேல் எர்மெக்கும் அவன் மனைவி சைராகுலும் ஒரே ரஜாய்ப் போர்வைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். நடுவில், ஆட்டுத்தோல் கோட்டுக்குள், கழற்றியெடுத்த பேட்டரி. அது குளிர்ந்துபோனால் வண்டி கிளம்பாது. இவர்களைத் தேடி இந்த மேட்டுக்கு யாரும் வரப்போவதில்லை. இருப்பது ஒரே கோட்டு, அதையும் பேட்டரிக்குக் கொடுத்துவிட்டாள். அவள் கால்விரல்கள் மரத்துக் கிடக்கின்றன.

“என்னைய என்னைக்காவது இப்படிக் கட்டிப்பிடிச்சுப் படுத்திருக்கியாய்யா?”

“நீ வண்டிய ஸ்டார்ட் பண்ணுவியாடி?”

“உன்னையே இத்தன வருசமா ஸ்டார்ட் பண்ணிட்டுத்தான இருக்கேன்.”

சிரித்தபடியே எர்மெக் பேட்டரியை அணைத்துக்கொண்டு பனியில் இறங்குகிறான். வெளியே ஸ்பேனர் உரசுகிறது, அவன் திட்டுகிறான், தட்டுகிறான். சைராகுல் முன்சீட்டுக்கு நகர்ந்து சாவியைத் திருப்புகிறாள். இன்ஜின் முனகி அடங்குகிறது. மறுபடி திருப்புகிறாள். வேன் முழுக்க உதறி எழுகிறது. இரு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தடவி, “ஓமின்” என்று கடவுளுக்கு நன்றி சொல்கிறாள். மெல்லச் சூடேறும் காற்று பாதங்களில் படுகிறது. கதவைத் திறந்த எர்மெக் அவள் கண்ணீரைப் பார்த்துப் பதறுகிறான்.

“என்னடி ஆச்சு?”

“கால்விரலெல்லாம் வலிக்குதுய்யா,” என்கிறாள் சந்தோஷமாக. “பத்தும் வலிக்குது.”