பார்த்து எழுது

கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தவன், மீனலோசனி டீச்சரின் கொண்டையைப் பிடித்துத் தலையைக் கரும்பலகையில் மோதினான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவசர அவசரமாகப் பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. கண்ணால் பார்த்ததைச் சுடச்சுட எழுதினால்தான் குழந்தைக்கு எழுத்து வரும், நடுவில் நிறுத்தக் கூடாது, பிழை பார்க்கக் கூடாது, பேசினால் பேசியபடியே எழுத வேண்டும் என்று காரைக்குடியில் நடந்த பயிற்சியில் டீச்சருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏதோ ஆராய்ச்சியில் கண்டுபிடித்ததாம். அதுவரை 'பசு ஒரு சாதுவான விலங்கு' என்பதைத் தாண்டாத வகுப்பு அது.

டீச்சர் காளையார்கோவில் பக்கமிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. போன வாரம் விளையாட்டு வாத்தியார் அருள்பாண்டியைத் திருடனாக வரவழைத்துச் சங்கிலியைப் பறிக்க வைத்தார். "விடுடா நாயே" என்று கத்தி, ஆளைக் கூப்பிடச் சொல்லி அவர் அலறிய அலறலில் இரண்டு பிள்ளைகள் அழுதேவிட்டன. நடிப்பு என்று தெரிந்த பிறகு வந்த கட்டுரைகளைப் பார்த்துத் தலைமையாசிரியரே அசந்துபோனார். அடுத்த தடவை ஏமாறுவதில்லை என்று வகுப்பே தயாராக இருந்தது.

"சங்கிலியக் கழட்டுடி." இவனும் அதையேதான் கேட்டான். விட்ட அறையில் டீச்சர் மேஜையோடு சாய்ந்தார். உதடு கிழிந்து சேலையெல்லாம் சிவப்பு.

சிவப்பு மை என்று தேவா பக்கத்துப் பையனுக்கு விளக்கம் சொன்னான். யாராவது போய் ஹெச்.எம்.மைக் கூப்பிடுங்கள் என்று டீச்சர் கெஞ்சியதையும் ஒருவர் விடாமல் எழுதிக்கொண்டார்கள். கொலையே நடந்தாலும் அழகாக எழுதி முடித்திருப்பார்கள், பாவம்.

அவன் இரண்டு கையாலும் டீச்சரின் கழுத்தை நெரித்தான். கண் பிதுங்கியது.

"விடுங்க... அடிக்காதீக. புள்ளைக பாக்குதுக."

முதல் பெஞ்சில் இருந்த அக்ஷரா அதையும் சொன்னது சொன்னபடி எழுதினாள். 'அடிக்காதீக' என்று எழுதியதும் அவள் கை நின்றுவிட்டது. அந்தச் சொல்லை அவள் வீட்டில் அம்மா அப்பாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"எழுதாதீகடா... இவரு டீச்சரோட வீட்டுக்காரரு."