ரோசாவின் தம்பி

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்த் தமிழ்ப் பள்ளி. நாஜி வதைமுகாமிலிருந்து தப்பிப் பிழைத்து, எப்போதோ மறைந்துபோன யூதப் பெண் ரோசா, கணினி உருவாக்கிய ஒளியுருவாக நின்று பிள்ளைகளின் கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றாவது உண்மையைச் சொல்வாளா என்று ஆசிரியை சுபத்திரா கவனித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அழக்கூடாதாம், போன வருடம் அந்த ஒளியுருவைச் செய்த நிறுவனத்தார் ரோசாவின் வாயில் ஆறுதல் பொய்களைப் புகுத்திவிட்டிருந்தார்கள். முகாம்களில் மாண்டவர்களை நினைவுகூரும் ஊர்க் குழு சண்டை பிடித்து, நேற்றுத்தான் அவற்றை நீக்க வைத்தது.

"உங்கட தம்பி திரும்பி வந்தவரோ?" என்று ஓவியா கேட்டாள்.

"இல்லை, பிள்ளை. அவனை அங்கேயே கொன்றுபோட்டாங்கள்."

ஓவியாவின் கண் கலங்கியது. சுபத்திராவுக்கோ, பொய் போய்விட்டதே, அப்பாடா என்றிருந்தது.

"அவற்ற பேர் என்ன?"

"யாக்கோப்."

தம்பி திரும்பி வந்துவிட்டான் என்று ரோசா சொல்லிக்கொண்டிருந்த அந்த வருடம் முழுவதும், ஒரு பிள்ளைகூட அவன் பெயரைக் கேட்டதில்லை.