சொக்கியின் சடை

சொக்கி என்ற கினிப்பன்றிக்குத் தரையைப் பெருக்குமளவு நீள முடி. சீப்பு தினமும் வந்து முதுகை மட்டும் பளபளவென்று வாரிவிட்டுப் போகும். வயிற்றை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அதன் கணக்கு. அங்கேயோ சிக்கு விழுந்து, சடையாகி இறுகி, அவள் ஓரடி வைத்தாலும் தோலைப் பிடித்து இழுத்தது.

"அடியிலயும் வாருங்கய்யா, உயிர் போகுது," என்றாள் சொக்கி.

"வாரினா என் பல்லு உடைஞ்சிடும். நாளைக்கு அழகுக் கண்காட்சி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்," என்றது சீப்பு.

"போன கண்காட்சிக்கும் இதே பேச்சுதான். உங்க பல்லு பத்திரமா இருக்கணும், என் தோலு கிழியலாம். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்."

அவள் பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலிடம் திரும்பினாள். "அண்ணே, வெட்டுங்க."

"சடையை மட்டும்தானே தங்கச்சி?"

"மொத்தமா எடுங்க. மேல முடி இருந்தாத்தானே இவர் திரும்ப வருவார்."

கத்தரிக்கோல் வேலையை முடித்தது. தரையெல்லாம் முடி.

"இந்த லட்சணத்துல நாளைக்குக் கண்காட்சிக்கு எப்படிடி போவே?" என்றது சீப்பு.

சொக்கி ஒரு துள்ளு துள்ளினாள்.

"நடந்துதான்," என்றாள். "இப்போ நடக்க முடியுதே."