முறைக்காற்று

மேற்கே நிற்கும் காற்றாலைகள் ஆடிக்காற்றை மிச்சமில்லாமல் குடித்துவிடும். முறை வரும் நாளில் மட்டும் அவற்றை நிறுத்தி, தெருவுக்கு ஒரு மணி நேரம் காற்றைத் திறந்துவிடுவார்கள். பேச்சித்தாய் தெருவுக்கு முறை வியாழக்கிழமைதான்; அன்று செவ்வாய். அந்தத் தைரியத்தில், பிள்ளை தூங்கும் ஓலைவீட்டுக்குப் பக்கத்திலேயே வெட்டிப்போட்ட முள்குவியலுக்குத் தீ வைத்தாள். புகை நேரே மேலே போனது.

அடுத்த ஊரிலிருந்து தம்பி போனில் கூப்பிட்டான்.

"யக்கா, புள்ளைக்கு வேர்க்குருன்னு அழுதியே? எங்க தெருக்காரங்ககிட்ட கெஞ்சி, இன்னைக்கு முறைய ஒங்களுக்கு மாத்திவிட்டுட்டேன்."

"ஐயோ, திருப்பி வாங்கிருலே! இங்க தீ எரியுது!"

"குடுத்த முறைய எப்படிக்கா திருப்ப?"

மேற்கே காற்றாலைகள் ஒவ்வொன்றாகச் சுற்றுவதை நிறுத்தின.

புகை வீட்டுப் பக்கம் சாய்ந்தது.