சுரங்கத்துக்கு இறுதி மரியாதை

"என் தங்கம் போயிருச்சு, இன்ஜினியர் அம்மா!" என்று முதலாளி தோன் எவெலியோ கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார். சட்டைக் கையில் கறுப்புத் துணி, கையில் எரிகிற மெழுகுவத்தி. அடடா, இழவு வீட்டுக்காரரிடம் வேலையாக வந்துவிட்டோமே என்று நூபியா தயங்கி நின்றாள்.

"யாரு... சம்சாரமா?"

"சம்சாரம் குத்துக்கல்லாட்டம் இருக்கா. சுரங்கம்மா, சுரங்கம்! எனக்கும் எங்கப்பாவுக்கும் சோறு போட்ட நிலக்கரிச் சுரங்கம். நேத்துதான் பாதிரியாரைக் கூப்பிட்டுப் பூசை வெச்சேன்."

நூபியா போன மாதம்தான் தலைநகர் பொகோட்டாவிலிருந்து இந்தக் குளிர் மலைக்கு, சுரங்கப் பாதுகாப்பு அதிகாரியாக வந்தவள். கைவிட்ட சுரங்கத்தைச் சட்டப்படி மூடியிருக்கிறார்களா என்று பார்த்து அவள் போடப்போகும் முதல் கையெழுத்து இது. அது விழுந்துவிட்டால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை சுரங்கம் செத்தது செத்ததுதான். அப்புறம் இந்த மலைக்குள் எவன் மாட்டிக்கொண்டாலும் தேடி வர நாதி இருக்காது.

மேலதிகாரியோ காலையிலிருந்து போனில் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தார். "கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுட்டு வாம்மா. அமைச்சர் வர்றாரு. காட்டுறதுக்கு ஒழுங்கா மூடின சுரங்கம் ஒண்ணாவது வேணும்ல?"

கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் மலையேறியிருந்தாள். ஆனால் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? சுரங்க வாயை அடைத்துக் கருங்கல் சுவர். விஷவாயு வெளியேறச் சுவரில் ஒரு குழாய். சுற்றிலும் முள்கம்பி வேலி, மண்டையோடு வரைந்த எச்சரிக்கைப் பலகை, அதற்குப் புது வர்ணம் வேறு. சுரங்கம் உயிரோடு இருந்தவரை வேலையாட்களுக்கு ஒரு தலைக்கவசம்கூட வாங்கித் தராத மனுஷன், செத்த பிறகு அதற்கு இத்தனை வைத்தியம் பார்த்திருந்தார்.

"உங்களை மாதிரி சட்டத்தை மதிக்கிற முதலாளியை நான் பாத்ததே இல்லைங்க," என்றாள் நூபியா. உண்மையாகவே அசந்துபோயிருந்தாள்.

"சட்டம்னா எனக்குச் சாமி மாதிரி. அது சரி, கையெழுத்து ஆயிட்டா அப்புறம் அதிகாரிங்க யாரும் இந்தப் பக்கம் வர வேண்டியதில்லையில்ல?"

"வேண்டியதே இல்லை."

எவெலியோவுக்கு அழுகை சட்டென்று நின்றது.

வாசலில் சுரங்கக்காரர்களைக் காக்கும் கார்மென் மாதா சிலை. அதன் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றான் கிரிசாந்தோ. முன்பு மேஸ்திரி, இப்போது காவல்காரனாம். எதைக் கேட்டாலும், "செத்துப்போச்சுங்க தாயி," என்று ஒரே பாட்டைப் பாடினான்.

அப்போது சரிவில் ஒரு பெண் தூக்குப்பாத்திரத்தோடு வந்தாள். தைல மரம் வரை வந்தவள், பாத்திரத்தை அதன் அடியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று திரும்பிப் போனாள்.

"யாரு அது?"

"எம் பொண்டாட்டி பெத்சபே. மதியச் சாப்பாடுங்க."

"பத்து எட்டு நடந்து கையில குடுக்கக் கூடாதா? வீட்டுல சண்டையா?"

"ஐயோ, சண்டையெல்லாம் இல்லைங்க. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் அவ வந்ததே..."

"பட்டிக்காட்டு ஜனங்கம்மா, வெக்கம்!" என்று எவெலியோ குறுக்கே விழுந்தார். "நீங்க வேலையைப் பாருங்க."

பாக்கி ஒன்றுதான். சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருந்தது. அதன் வழியாக நாலு எட்டு உள்ளே போய் வாயுவை அளந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். எவெலியோ கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. தாமே பூட்டைத் திறந்து, தம் தலைக்கவசத்தையும் கழற்றிக் கொடுத்தார்.

"தாராளமாப் போய்ப் பாருங்க. உள்ள ஈ காக்கா இருக்காது."

உள்ளே ஒரே கும்மிருட்டு. சத்தமே இல்லை. இனி சந்தேகப்பட்டால் நம்மேல்தான் பாவம் என்று நூபியாவுக்குத் தோன்றிவிட்டது. பேனாவை எடுத்துத் தயாராக விரலிடுக்கில் வைத்துக்கொண்டு வலது காலைத் தூக்கினாள்.

"தாயி! வேணாம்!"

கிரிசாந்தோ குறுக்கே பாய்ந்து வாசலை மறித்து விழுந்தான். அவசரமாக மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"டேய் கிறுக்கா, எந்திரிடா!" என்று எவெலியோ கத்தினார். "அம்மா சட்டப்படி பாக்க வேணாமா?"

"மொதலாளி, பட்டணத்துல படிச்ச உங்களுக்கு என்னங்கய்யா தெரியும்? பொம்பள கால் உள்ள பட்டா மலையே இடிஞ்சு இறங்கிரும்! அந்த மாதாவே வாசலோட நிக்கிறா, பாக்கலையா?"

நூபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தைல மரமும் தூக்குப்பாத்திரமும் இப்போதுதான் அவளுக்கு விளங்கின.

"இறங்கினா இறங்கட்டுமே, பெரியவரே. அதான் செத்துப்போன சுரங்கமாச்சே, யாரு தலையில விழப்போகுது? தள்ளுங்க."

கிரிசாந்தோ முதலாளியைப் பார்த்தான். மாதாவைப் பார்த்தான். தூக்கிய காலை இறக்காமல் நிற்கிற நூபியாவைப் பார்த்தான். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்ட, அவள் பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுங்க தாயி... ஷிப்ட் முடிஞ்சு பசங்க மேல வந்துரட்டும்!"