கை படாத காற்றாலை

வைட்ஃபீல்ட் காற்றாலை மியூசியத்தில் மேனேஜராகச் சேர்ந்த முதல் வாரமே வைஷ்ணவி ஒரு சோம்பேறியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

பெயர் தாஸ். கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியதில் வேலை போனவர். தினமும் அங்கிருந்து ரயிலில் வருவார். ஆளில்லாத நேரத்தில் துடைப்பமும் கையுமாகத் திரிவார். ஒரு ஸ்கூல் பஸ் கேட்டுக்குள் நுழைந்தால் போதும், காற்றாலையின் அடி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார். கூட்டம் கலைந்த பிறகுதான் வெற்று உடம்போடு, வேர்த்து வழிய வெளியே வருவார்.

சட்டை, அறை வாசலில் வைத்திருக்கும் நூறு வருடத்துக் கலப்பையின் மேல் தொங்கும். அதுவும் 'தொடாதீர்கள்' போர்டை மறைத்துக்கொண்டு.

வைஷ்ணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மியூசியத்துக்கென்றே தனிப் படிப்பு படித்து மெடல் வாங்கியவள் அவள். எண்ணெய் நாற்றமடிக்கும் அந்த அறைக்குள் மட்டும் இதுவரை தலையை நீட்டியதில்லை.

"ஆளுங்க வர்ற நேரத்துல உள்ள என்ன பண்றீங்க தாஸ்?"

"வேலைதான் மேடம்."

"என்ன வேலை? தூங்கறதா?"

தாஸ் தலையைச் சொறிந்தார். "சேர்மன் சாரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க மேடம்."

சேர்மன் பெயரைச் சொல்லியே காலம் தள்ளும் ஆட்களைப் பழைய ஆபீஸிலும் அவள் பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலமே சீட்டைக் கிழித்துவிட்டாள். வீட்டில் தன் சம்பளம் ஒன்றுதான் என்று அவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

மறுநாள் பாரம்பரிய விருதுக் கமிட்டி வந்தது. சேர்மன் ஸ்ரீகண்டன் கோட்டு போட்டுக்கொண்டு வரவேற்றார். சுற்றிலும் நின்ற பன்னிரண்டு மாடிக் குடியிருப்புகள் எல்லாம் அவர் கட்டியவை. நடுவில் இருந்த பழைய காற்றாலையை மட்டும் இடிக்காமல் விட்டதற்குத்தான் விருது.

"ஒரு மனுஷன் கை படாம, வெறும் காத்துலயே சுத்துது பாருங்க" என்று மேலே கை காட்டினார்.

கமிட்டி அண்ணாந்து பார்த்தது. இறக்கைகள் அசையவில்லை.

ஸ்ரீகண்டன் சிரிப்பு மாறாமல் வைஷ்ணவி பக்கம் நகர்ந்தார். "தாஸ் எங்கம்மா?"

"வேலையை விட்டு அனுப்பிட்டேன் சார். சரியான சோம்பேறி. யாராவது வந்தா அந்த ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறார்."

அவர் முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாலு பக்கமும் என் பில்டிங் நிக்குது. காத்து எங்கேர்ந்தும்மா வரும்? உள்ள இருக்கற கைச்சக்கரத்தை அந்தாளு சுத்தினாத்தான் மேல சுத்தும். வெளில சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன்."

வைஷ்ணவி அசையாத இறக்கைகளை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னும் நின்னுட்டிருக்கியே. போம்மா உள்ள."

கமிட்டி காபி குடித்து முடிப்பதற்குள் இறக்கைகள் மெல்லச் சுற்றத் தொடங்கின.

"பாத்தீங்களா, காத்து வந்துடுச்சு" என்றார் ஸ்ரீகண்டன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அறை வாசலில், கலப்பையின் மேல், 'தொடாதீர்கள்' போர்டை மறைத்துக்கொண்டு வைஷ்ணவியின் துப்பட்டா தொங்கியது.